காவடிப் பதிவுக்கு எத்தனை சர்வர் வேண்டும்?

தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய, காணிக்கை வாங்க டர்பன் கோயிலொன்று செயலி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே சர்வர் என்றால் லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்ததும் எல்லாம் நிற்கும். உடனே இரண்டாவதை வாங்கிவிடாதீர்கள். பல சர்வர்கள் ஒரே பதிவேட்டை ஒத்துவைத்திருக்க உதவும் ராஃப்ட் முறையில், ஒரு சர்வர் தலைவராக இருக்கும்; பெரும்பான்மை சம்மதித்தால்தான் எழுத முடியும்; இரண்டில் பெரும்பான்மை என்பது இரண்டுமே. எது விழுந்தாலும் பதிவு நிற்கும், ஆக ஒன்றைவிட இரண்டு மோசம். மூன்று வைத்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்தில் இரண்டை. நான்கிலும் ஒன்றைத்தான் இழக்கலாம்; நான்காவதுக்குக் கொடுத்த காசு தண்டம்.

டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் என ஊருக்கு ஒன்றாக வையுங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இரண்டை வைத்து ஒரே இன்வெர்ட்டரில் மாட்டினால், அந்த பேட்டரி தீரும்போது பெரும்பான்மையும் சேர்ந்தே போய்விடும்.

ஊர்கள் தள்ளியிருந்தால் தாமதமும் உண்டு: ஃபைபர் கேபிளில் செய்தி போகக் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோவினாடி ஆகும். 1,600 கிலோமீட்டர் கேபிளில் போய்த் திரும்பவே 16 மில்லிவினாடி. இதைப் பணம் கொடுத்துக் குறைக்க முடியாது. ஒரு நாள் முழுக்க பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, உச்ச நேர அளவை எடுங்கள். ராஃப்டில் இயங்கும் எட்சிடி (etcd) என்ற தரவுக் களஞ்சியத்தில், தலைவர் ‘இருக்கிறேன்’ என்று அனுப்பும் துடிப்பு 100 மில்லிவினாடிக்கு ஒன்று; துடிப்பு வராவிட்டால் புதுத் தலைவருக்குத் தேர்தல் தொடங்கும் முன் காத்திருப்பு 1,000 மில்லிவினாடி என்பது இயல்பு அமைப்பு. காத்திருப்பு, போய்வரும் நேரத்தைப்போல் 10 மடங்காவது இருக்கட்டும். மூன்று சர்வரிலும் இதே அளவை வையுங்கள். காத்திருப்பைக் குறைத்தால், தாமதமாகப் பேசும் தலைவரை இறந்ததாக எண்ணித் திரும்பத் திரும்பத் தேர்தல் நடக்கும். மெதுவான டிஸ்க்கும் இதே கூத்தைக் காட்டும், எஸ்எஸ்டி போடுங்கள்.

காணிக்கையில்தான் வம்பு. 101 ராண்ட் அனுப்பியவருக்குப் பதில் வரவில்லை. கோரிக்கை வழியில் தொலைந்ததா, பதிவாகிப் பதில் தொலைந்ததா? போனிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. ஆகவே அனுப்பும் முன்பே போனில் ஒரு தனி எண்ணை உருவாக்குங்கள்; மறுபடி அனுப்பும்போதும் அதே எண். எண் ஏற்கெனவே உள்ளதா என்ற சோதனையும் பதிவும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது இடையில் வேறெதுவும் நுழையாதபடி, நடக்க வேண்டும். தனித்தனியாகச் செய்தால், ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகள் சோதனையைத் தாண்டி இரண்டு ரசீது போட்டுவிடும். மறுமுயற்சி 1, 2, 4, 8 வினாடி என்று தள்ளிப்போகட்டும், சற்றே தாறுமாறாகவும். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் எல்லாப் போனும் ஒன்றாக மோதும்.

எது முந்தியது என்று சர்வர் கடிகாரத்தைக் கேட்காதீர்கள். கடிகாரங்களை ஒத்துவைக்கும் என்டிபி இருந்தாலும் சில மில்லிவினாடி விலகும். பதிவேட்டின் வரிசை எண்ணே கணக்கு.

சோதிக்கும்போது சர்வரை முறையாக அணைத்துப் பார்ப்பது போதாது. தலைவராக இருக்கும் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, அதன் கன்சோலில் உட்கார்ந்து ஒரு பதிவு எழுதிப் பாருங்கள். அது மறுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் திருவிழாவுக்குத் திறக்காதீர்கள்.