ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளட்ச் பெடல் இல்லாவிட்டால் எல்லாமே நமக்கு ஆட்டோமேட்டிக்தான். ஆயில் விஷயத்தில் முதல் தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்), உள்ளே பார்த்தால் மேனுவல் கியர்பாக்ஸ். நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி கியர் போடுகிறது, அவ்வளவுதான். அதற்கு மேனுவல் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள கியர்பாக்ஸுக்குத்தான் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்). கியர் படிகள் இல்லாத சிவிடியில் இரும்பு பெல்ட் புல்லியை வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதால் அதற்கான ஆயிலே தனி. மாற்றி ஊற்றினால் கியர்பாக்ஸுக்கே செலவு வைக்கும்.

ஒரே கம்பெனிக்குள்ளும் குழப்பம் உண்டு. டொயோட்டாவின் பழைய டைப் டி-4 ஆயிலும் பின்னால் வந்த டபிள்யூஎஸ்ஸும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஹோண்டாவில் வழக்கமான ஆட்டோமேட்டிக்குக்கு டிடபிள்யூ-1, சிவிடிக்கு ஹெச்சிஎஃப்-2. "எல்லா வண்டிக்கும் போடலாம் சார்" என்று கடைக்காரர் நீட்டும் டின்னை வாங்குமுன் ஓனர்ஸ் மேனுவலைப் புரட்டுங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது லெவலில்தான். இன்ஜின் ஆயில் பார்க்கிற பழக்கத்தில், ஆறிய வண்டியில் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார்கள். பல கார்களில் ஏடிஎஃப்பை வண்டி ஓடிச் சூடான பிறகு, சமதரையில், இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள பழைய ஹோண்டாக்களிலோ இன்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள். புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் சூடு குறிப்பிட்ட அளவில், பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது அதிகப்படி ஆயில் வழியும் துளையின் மூடியான ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து, வழிவது சொட்டாகக் குறைந்ததும் மூட வேண்டும். சென்னையின் மே மாதத்தில் நிறுத்திவைத்த வண்டியே அந்தச் சூட்டை நெருங்கிவிடும். ஆயில் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் கையால் தொட்டுச் சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சூடு அதிகமானால் ஆயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், உள்ளே குறைந்துவிடும். குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து கியர் ஸ்லிப் ஆகும், அதாவது இன்ஜின் சுற்றினாலும் விசை சக்கரத்துக்கு முழுதாகப் போகாது. அதிகமானாலும் நல்லதில்லை, ஆயில் கடையப்பட்டு நுரைக்கும்.

ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றுமுன், ஊற்றும் துளையின் ஃபில் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால், ஆயிலை வடித்துவிட்டு வண்டியை நகர்த்தவே முடியாமல் நிற்க வேண்டியதுதான். இன்ஜின் ஆயில் மாற்றப்போய் கியர்பாக்ஸ் பிளக்கைக் கழற்றும் கூத்தும் நடக்கிறது. வடித்ததை அளந்து வையுங்கள், ஊற்றுவதற்கு அதுதான் கணக்கு. எப்படி வடித்தாலும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது அப்படியே தங்கிவிடும். பாதி மாறினாலே பெரிது. அதனால் பழைய ஆயில் ரொம்பக் கறுத்திருந்தால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடிப்பது வழக்கம்.

"ஆயில் மாற்றினதால்தான் கியர்பாக்ஸ் போச்சு" என்பவர்களின் வண்டி பெரும்பாலும் அதற்கு முன்பே ஸ்லிப் ஆகிக்கொண்டிருந்திருக்கும். கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றினால் உள்ளிருக்கும் காந்தத்தைத் துடைக்குமுன் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. விரலில் நெருடும் இரும்புத் துணுக்குகள் இருந்தால் புது ஆயில் வீண்செலவு. ஆயில் பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம், ரேடியேட்டருக்குள் உள்ள ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அப்போது ஸ்டார்ட் செய்து பார்க்கவோ கயிறு கட்டி இழுக்கவோ வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.