கொடுக்கும்போது நடக்கும் பிழைகள்: கொழும்பில் கிறிஸ்தவ ஊழியம் செய்வோருக்கு

வீதியோரத்தில் படுப்பவருக்கும், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தில் தோட்டம் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒற்றை அறைக்குள் முடங்கிக் கிடப்பவருக்கும் பசி ஒன்றே கஷ்டமில்லை. 'நான் யாருக்கு வேணும்?' என்ற எண்ணம் உள்ளே ஊறிப்போயிருக்கும். சாப்பாட்டுப் பார்சல் பசியை ஆற்றும். கொடுக்கிற விதம் பிழைத்தால் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திவிடும்.

அதிகம் நடக்கும் பிழை, படம் எடுப்பது. பதாகைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி உலர் உணவுப் பொதி கொடுத்து, அன்றிரவே முகநூலில் போடுகிறார்கள். 'கொழும்பில் நல்ல வேலை' என்று மலையகத்து வீட்டாருக்குச் சொல்லி வைத்திருப்பவரின் முகம் அதில் இருக்கலாம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட, பில்லும் கட்டிவைத்த பொதிகளின் படமும் போதும். பொதி சாதாரணக் கடைப் பையில் போகட்டும், சபையின் பெயர் வேண்டாம்.

இதைவிட ஆழமாகக் குத்துவது, அவர்கள் தருவதை மறுப்பது. வீட்டுக்குப் போனால் பிளேன்டீ ஊற்றுவார்கள். அவர்களுடைய சீனி மிஞ்சட்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் "வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சிட்டு வாறோம்" என்கிறோம். 'என் வீட்டுக் கோப்பை இவங்களுக்கு அருவருப்பு' என்றுதான் அந்த அக்காவுக்குக் கேட்கும். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் குடியுங்கள். நீரிழிவு என்றால், சீனி போடாமல் தரச் சொல்லுங்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பால்மா வாங்கப் பார்த்தால் மட்டும், "பிளேன்டீயே போதும்" என்று தடுங்கள். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர் கேட்டார். தருவதைப் பற்றிப் பிறகுதான் பேசினார் (யோவான் 4). நீங்களும் அவர்களிடம் உதவி கேளுங்கள்: ஆலய விருந்துக்கு மரக்கறி வெட்ட, சிங்களப் படிவம் நிரப்ப, உங்கள் வீட்டு நோயாளிக்காக ஜெபிக்க. மற்றவருக்குக் கூலி கொடுக்கும் வேலையென்றால் இவருக்கும் அதே கூலி.

வயதில் மூத்தவரை "நீ" என்பது, அவர் பக்கத்தில் இருக்கும்போதே "இவனுக்கு ஒரு பார்சல்" என்பது, இரண்டும் கூடாது. பெயரைக் கேட்டு, ஐயா, அம்மா, அண்ணன் என்று முறை சேர்த்துக் கூப்பிடுங்கள். திருநங்கையை அவர் சொல்லும் பெயரால்தான் அழைக்க வேண்டும், அடையாள அட்டையில் எது இருந்தாலும். தேவையையும் ஊகிக்காதீர்கள். பர்திமேயுவுக்குக் கண் தெரியாதது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் என்ன வேண்டும் என்று இயேசு அவரிடமே கேட்டார் (மாற்கு 10:51).

தொழுநோய் வந்தவரைத் தொடப் பயப்படுவதும் உண்டு. கொழும்பை அடுத்த ஹெந்தளையில் 1708இல் ஒல்லாந்தர் தொழுநோய் மருத்துவமனை தொடங்கிய காலத்தில் மருந்தில்லை. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே தொற்று நின்றுவிடும். தாராளமாகக் கைகொடுக்கலாம்.

ஜெபத்துக்கு வந்தால்தான் பொதி என்பதும், மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும் அன்பை விலைபேசுவதாகிவிடும்.

நத்தாருக்கு மட்டும் போவதும் நல்லதல்ல. வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் ஒருமுறை என்று வையுங்கள், ஆனால் சொன்ன நாளில் போங்கள். இயேசு சீடர்களை அனுப்பியது போல (மாற்கு 6:7) இருவராகச் செல்லுங்கள். தனியே போனால் வீண்பழியும் வரும், ஒருவர் வராதபோது தொடர்பும் அறும். ஒரு சோடிக்கு நான்கைந்து வீடு போதும். இருவரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால், கடைசி இரண்டு தடவையும் புதியவரைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தி, போகும் நாளையும் அவர்களிடம் நேரில் சொல்லிவிடட்டும்.