லினக்ஸில் டி டிரைவ் திறக்கவில்லையா? விண்டோஸை ஒழுங்காக அணைத்தீர்களா என்று பாருங்கள்

விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு, மின்ட் போன்ற ஒரு லினக்ஸை நிறுவியாகிவிட்டது. ஃபைல் மேனேஜரின் இடது ஓரத்தில் பழைய டி டிரைவும் தெரிகிறது. கிளிக் செய்தால் மவுண்ட் செய்ய, அதாவது டிரைவை லினக்ஸோடு இணைத்துத் திறக்க, முடியவில்லை என்று ஒரு பிழைச்செய்தி வருகிறது. இல்லையென்றால் திறக்கிறது, ஆனால் ஒரு ஃபைலைக்கூடச் சேமிக்க விடுவதில்லை. இந்த இடத்தில்தான் பலரும் லினக்ஸைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் பக்கம் இருக்கிறது.

விண்டோஸ் 8 காலத்திலிருந்தே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. இது இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை அப்படியே சி டிரைவில் ஒரு ஃபைலாக எழுதி வைத்துவிட்டு உறங்கப் போய்விடும். டிரைவ்களில் எது எங்கே இருக்கிறது என்ற நினைவும் அதோடு சேர்ந்தே இருக்கும். இடையில் லினக்ஸ் வந்து அந்த டிரைவில் எதையாவது எழுதினால், மறுபடி எழும் விண்டோஸ் பழைய நினைவை நம்பி அதன்மேல் எழுதும். ஃபைல்கள் சிதைவது அப்படித்தான். அதைத் தடுக்கத்தான் லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது.

இதில் வேடிக்கை, ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைந்துதான் எழும். ஆகவே அவசரத்துக்கு ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹைபர்னேட் செய்துவிட்டு, அதாவது திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதி வைத்து அணைத்துவிட்டு, லினக்ஸுக்கு வந்தாலும் இதே சிக்கல்தான்.

இதைச் செய்யாமல், இணையத்தில் கிடைத்த கட்டளையை ஒட்டி டிரைவை வலுக்கட்டாயமாகத் திறப்பதுதான் பெரிய தவறு. உறக்க ஃபைலையே அழித்துவிட்டு மவுண்ட் செய்யும் வழி ஒன்று உண்டு. டிரைவ் திறந்துவிடும், ஆனால் ஹைபர்னேட் செய்தபோது விண்டோஸில் சேமிக்காமல் விட்ட வேலை போய்விடும். என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவியும் பெயரைப் பார்த்து நினைப்பது போல முழுப் பழுதுபார்ப்பு அல்ல. சில முரண்களைச் சரிசெய்து, அடுத்த முறை விண்டோஸ் டிரைவைச் சோதிக்கும்படி குறித்து வைக்கும், அவ்வளவுதான். உண்மையான பழுதுபார்ப்புக்கு விண்டோஸின் செக் டிஸ்க்தான் சரி.

டிரைவ் கடவுச்சொல் கேட்கிறதா? அப்படியானால் அது பிட்லாக்கர், டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பல புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே இது தானாக இயங்கத் தொடங்கிவிடும். விண்டோஸில் நுழையும் பின் எண்ணை இங்கே போட்டுப் பயனில்லை. 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லினக்ஸை நிறுவுவதற்கு முன்பே அதை எடுத்து எழுதி வையுங்கள். செக்யூர் பூட் போன்ற, கணினி எழும்போது இயங்கும் பாதுகாப்பு அமைப்புகளை மாற்றினால் விண்டோஸே அதைக் கேட்கக்கூடும்.

டிரைவ் திறந்தபின் ஃபைல் அனுமதி தகராறு செய்தால், சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் டிரைவில் அது பொதுவாக எடுபடாது. யாருக்கு உரிமை என்பது மவுண்ட் செய்யும்போதே முடிவாகிவிடும். கணினி எழும்போதே டிரைவ் திறக்க எஃப்எஸ்டாப் என்ற லினக்ஸ் அமைப்பு ஃபைலில் வரி சேர்க்கிறவர்கள், டிரைவின் பெயருக்குப் பதில் யுயுஐடி என்ற அதன் தனித்த அடையாள எண்ணைக் கொடுங்கள், பெயர்கள் மாறக்கூடியவை. கூடவே நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த டிரைவைக் கழற்றிய அன்று லினக்ஸ் எழாமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

அப்புறம், சி டிரைவில் எதையும் எழுதாமல் இருப்பதே நல்லது. விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபோல்டர்களுக்குப் போட்டிருக்கும் காவலை லினக்ஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. முக்கியமான ஃபைலை எச்சரிக்கை எதுவும் இல்லாமலே தவறுதலாக அழித்துவிட நேரலாம். பொதுவான ஃபைல்களுக்கு டி போன்ற தனி பார்ட்டிஷன் போதும். அதில் போடும் ஃபைல்களின் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி வேண்டாம். லினக்ஸ் அவற்றை ஏற்றுக்கொள்ளும், விண்டோஸில் அந்த ஃபைல் திறக்காது.