பிளஸ் டூ இல்லாமல் ராணுவத்தில் சேர: வேலூர் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு செய்முறை

கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் நம் பக்கம் உண்டு. அங்கெல்லாம் கேட்டால் வழி சொல்ல ஆள் இருப்பார்கள். அப்படி யாரும் இல்லாதவர்களுக்காக இது.

முதலில் உங்களுக்கு எந்தப் பிரிவு என்று பாருங்கள். நான்கு வருடப் பணியான அக்னிவீர் திட்டத்தில், சாதாரண சிப்பாய் வேலையான ஜெனரல் டியூட்டிக்குப் பத்தாவது போதும். ஆனால் பாடத்துக்கு 33 சதவீதமும், மொத்தத்தில் 45 சதவீதமும் வேண்டும், அதாவது 500க்கு 225. நம் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐந்து பாடத்திலும் 35 எடுத்தால் பாஸ்தான், கூட்டினால் 175 தான் வரும். பாஸாகியும் பலர் தகுதி இழப்பது இந்தக் கணக்கில்தான். 225க்குக் குறைந்தால் சமையல், துப்புரவு மாதிரி கைத்தொழில் வேலைகளுக்கான டிரேட்ஸ்மேன் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குப் பத்தாவது பாஸ் போதும். ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் வேலைகளுக்கு எட்டாவதே போதும். எட்டாவதும் முடிக்காதவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு வரலாம். பதினேழரை வயது நிறைந்திருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

அடுத்து, பெயர். மார்க் ஷீட்டில் 'அருண் எஸ்' என்றும் ஆதாரில் 'அருண் செல்வம்' என்றும் இருந்தால் சிக்கல். இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயரின் எழுத்து எல்லாவற்றையும் மார்க் ஷீட்டை வைத்து ஒப்பிட்டு, அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். விண்ணப்பம் தொடங்கிய பிறகு ஓடினால் நாள் போதாது.

விண்ணப்பம் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் மட்டும்தான். வேலூர் மாவட்டம் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வரும். கட்டணம் 250 ரூபாய். இதற்கு மேல் "சீட் வாங்கித் தருகிறேன்" என்று யார் பணம் கேட்டாலும் மோசடிதான், ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

முதல் கட்டம் கணினித் தேர்வு. ஜெனரல் டியூட்டிக்கு 50 கேள்வி, 100 மதிப்பெண், ஒரு மணி நேரம். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும், அதனால் குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீர்கள். தமிழிலும் எழுதலாம்.

அதில் தேறினால் ரேலி, அதாவது மைதானத்தில் நடக்கும் உடல்தகுதித் தேர்வு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு 82 வினாடி. கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை 70 வினாடியில் பறந்தவர் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். பயிற்சியிலேயே ஒவ்வொரு சுற்றுக்கும் கடிகாரம் பாருங்கள். தார் ரோட்டில் தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி எடுக்கும், மண் மைதானம் நல்லது. நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையை விட்டால் நேரமில்லை. பத்து புல்-அப்ஸுக்கு 40 மதிப்பெண். ஒன்றுகூட வராதவர் ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து வினாடி எடுத்து மெதுவாக இறங்கிப் பழகுங்கள். ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்த கட்டையில் நடப்பதும் தேறினால் போதும்.

இருப்பிடம், சாதி, மணமாகாதவர் சான்றுகளை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். நன்னடத்தைச் சான்றும் மணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனைக்கு முன் காதழுக்கை டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். தட்டைப் பாதம், நேராக நிற்கும்போது முட்டி இடிப்பது, நிறக்குருடு இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை குத்தியிருந்தால் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதி. தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதினாலும் மனம் விடாதீர்கள். மறுபரிசோதனைக்குச் சீட்டு கேட்டு வாங்கி, அதில் குறித்த ராணுவ மருத்துவமனைக்குக் கெடு முடிவதற்குள் போய்விடுங்கள்.