நட்பு பற்றி அரிஸ்டாட்டில்: வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பயனுக்காக ஒரு நட்பு, இன்பத்துக்காக ஒன்று, நற்குணத்துக்காக ஒன்று. கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டிலைப் (கி.மு. 384–322) பெயரளவில் அறிந்தவர்களுக்கும் இந்த மூன்று வகை தெரிந்திருக்கும். முதல் சறுக்கலும் இங்கேதான். முதல் இரண்டையும் போலி என்று தள்ளிவிடுகிறோம். அவர் தள்ளவில்லை. ஒரே கப்பலில் போகிறவர்களும் ஒரே படையில் நிற்கிறவர்களும் ஒருவரையொருவர் நண்பா என்றுதான் அழைக்கிறார்கள் என்று அவரே எடுத்துக்காட்டுகிறார். பயன் தீர்ந்தால் அந்த உறவும் தீரும் என்பதுதான் அவர் காணும் குறை.

இதைவிடப் பெரிய தவறு, நல்ல நண்பன் என்றால் நல்ல புத்தி சொல்பவன் என்று நினைத்துக்கொள்வது. அவருடைய 'நிக்கோமாக்கிய அறவியல்' என்ற நூல் பத்துப் பகுதிகள் கொண்டது. அதில் 8, 9 இரண்டும் முழுக்க நட்புக்கே. ஒன்பதாம் பகுதியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சிலர் சேர்ந்து குடிக்கிறார்கள், சிலர் சேர்ந்து தாயக்கட்டை உருட்டுகிறார்கள், சிலர் உடற்பயிற்சி செய்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள், இன்னும் சிலர் தத்துவம் பேசுகிறார்கள். எவருக்கு எது வாழ்க்கையோ அதை நண்பர்களோடு செய்கிறார். செய்யச் செய்ய அதுவாகவே ஆகிறார். கெட்டவர்கள் கூடினால் இன்னும் கெட்டுப்போவதும் இப்படித்தான். நல்லவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வதையும் அவர் சொல்கிறார், ஆனால் சேர்ந்து செயல்படுவதோடு சேர்த்துத்தான். யாழ் வாசித்து வாசித்தே யாழ்க் கலைஞர் ஆவதுபோல, நியாயமானதைச் செய்து செய்தே நியாயவான் ஆகிறோம் என்று இரண்டாம் பகுதியில் சொன்னவர் வேறெப்படிச் சொல்வார்? அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு நேரே நட்புக்கு வருபவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

அவசரமும் ஆகாது. சேர்ந்து உப்பைத் தின்று தீர்க்காமல் ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற பழமொழி அன்றே இருந்தது. அதை அவர் மேற்கோள் காட்டுகிறார். நட்புக்கு ஆசைப்படச் சிறிது நேரம் போதும், நட்பு உண்டாக அது போதாது.

"கிரேக்கர்கள் சொன்னார்கள்" என்று மொத்தமாகப் பேசுவதையும் விட்டுவிடலாம். பிளேட்டோவின் 'லைசிஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் மற்போர்ப் பயிற்சிக்கூடத்தில் இரண்டு சிறுவர்களோடு பேசுகிறார். நண்பன் யார் என்பதற்கு விடை கிடைக்காமலே பேச்சு முடிகிறது. பின்னால் வந்த இன்னொரு கிரேக்கத் தத்துவ அறிஞரான எபிகூரஸோ நட்பு பயனிலிருந்து பிறப்பதாகக் கூசாமல் சொன்னார்.

கடைசியாக ஒன்று. நல்லவர்களுக்கிடையே மட்டுமே முழுமையான நட்பு அமையும் என்பதைப் படித்ததும், நண்பன் தவறினால் உடனே விலக வேண்டும் என்று முடிவு கட்டுகிறார்கள். அரிஸ்டாட்டில் கேட்பது வேறு: அவனைத் திருத்த முடியுமா? முடியும் என்றால் உதவ வேண்டும். பணத்தை இழந்த நண்பனுக்கு உதவுவதைவிட, குணத்தை இழந்தவனுக்கு உதவுவதே நட்புக்குப் பொருந்தும் என்கிறார். முடியாது என்றால் விலகலாம், அதில் தவறில்லை. விலகிய பிறகும் முன்பின் தெரியாதவனைப் போல அவனை நடத்தக் கூடாது; அந்தப் பிளவு மிதமிஞ்சிய தீமையால் வந்தது என்றால் மட்டும் விதிவிலக்கு.