விமானப்படை பைலட் ஆக எந்த வழி? கடைசிக் கட்டத்திலிருந்து திட்டமிடுங்கள்

இந்திய விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு நான்கு வழிகள்: என்.டி.ஏ. (பிளஸ் டூவுக்குப் பின் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி), சி.டி.எஸ். (பட்டதாரிகளுக்கான முப்படைப் பொதுத் தேர்வு), ஏ.எஃப்.கேட் (விமானப்படையே நடத்தும் பொதுத் தேர்வு), என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சிறப்பு நுழைவு. பெரும்பாலோர் எழுத்துத் தேர்வுப் புத்தகத்தோடு தொடங்குகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது இன்ச் டேப்.

1. உடல் அளவு, கண்

உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.க்குள். சுவரில் முதுகு ஒட்ட, காலை நீட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து குதிகால் வரை அளந்தால் கால் நீளம். நல்ல உயரம் இருந்தும் இந்த அளவில் அடிபடுபவர்கள் உண்டு. கண்ணுக்குக் கண்ணாடிக் கடை போதாது. கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். நிறப் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். என்.டி.ஏ. வழியில் லேசிக் (லேசர் அறுவை) செய்த கண்ணை ஏற்பதில்லை.

2. வயதும் படிப்பும்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்தால் என்.டி.ஏ. எழுதலாம். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். தாவரவியல்-விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தால் கணிதம் போய்விடும், அதோடு இந்த வழியும் போய்விடும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலேயே இதை யோசியுங்கள்.

பட்டதாரிகளுக்கு 20 முதல் 24 வயது. சி.டி.எஸ். நிரந்தரப் பணி. ஏ.எஃப்.கேட் 14 ஆண்டுக் குறுகிய காலப் பணி, ஓய்வூதியம் இல்லை, பெண்களும் எழுதலாம். என்.சி.சி. ஏர் விங் 'சி' சான்றிதழ் உள்ளவர்களுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, நேரே ஏ.எஃப்.எஸ்.பி. எனும் விமானப்படைத் தேர்வு வாரிய நேர்காணல்தான். கல்லூரியில் ஏர் விங் இருந்தால் முதலாண்டிலேயே சேர்ந்துவிடுங்கள்.

வயது இருக்கும்போது என்.டி.ஏ.தான் என் முதல் தேர்வு. தவறினாலும் பட்டம் முடித்து மற்ற வழிகளில் வரலாம். பின்னோக்கி வர முடியாது. ஆனால் இந்தக் கணக்கு எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் மட்டுமே பொருந்தும்.

3. சி.பி.எஸ்.எஸ்.: ஒரே ஒரு வாய்ப்பு

எந்த வழியில் வந்தாலும் இந்தக் கணினி வழி பைலட் தேர்வைத் தாண்ட வேண்டும். வாழ்நாளில் ஒரே முறை. தவறினால் நான்கு வழிகளும் சேர்ந்து மூடிவிடும், தரைப்பணிப் பிரிவுகள் மட்டும் மிஞ்சும். அதனால் என்.டி.ஏ. விண்ணப்பத்தில் அரைமனதாக விமானப்படையையும் ஒரு விருப்பமாகக் குறித்துவிட்டு, தயாரிப்பில்லாமல் இதில் உட்காராதீர்கள்.

முதல் பகுதியில் விமானக் கருவிகளின் முள்களைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். உயரமானியில் நீள முள் நூறுகளையும் குட்டை முள் ஆயிரங்களையும் காட்டும். குட்டை முள் 3க்கும் 4க்கும் நடுவில், நீள முள் 5இல் என்றால் 3,500 அடி. இது எளிது. சறுக்குவது விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கைத் தொடுவானத்தில். விமானம் வலப்பக்கம் சாயும்போது தொடுவானக் கோட்டின் இடது முனை தாழும், வலது முனை உயரும். கோடு சாயும் பக்கமே விமானமும் சாய்கிறது என்று படித்தால் விடை நேரெதிராகிவிடும். விமானத்துக்குள் உட்கார்ந்து வெளியே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டு விநாடிக்குள் சொல்ல வரும்வரை பழகுங்கள்.

அடுத்த பகுதியில் கை ஜாய்ஸ்டிக்கில், கால் பெடலில் வைத்து, திரையில் நகரும் குறியை அதன் இடத்தில் நிறுத்த வேண்டும், இடையிடையே விளக்குக்கும் ஒலிக்கும் பதில். மொபைல் செயலிகளை நம்ப வேண்டாம். காலுக்கு அதில் வேலையே இல்லை. ஜாய்ஸ்டிக்கும் ரடர் பெடலும் இணைத்த கணினி சிமுலேட்டரில் பழகுங்கள். குறி விலகியதும் பெரிதாகத் தள்ளினால் அது மறுபக்கம் ஓடும், பின் அதைத் துரத்துவதிலேயே நேரம் போகும். சின்னச் சின்னத் திருத்தமாகக் கொடுங்கள்.

4. கடற்படை, தரைப்படை

கடற்படை பைலட் நுழைவிலும் இதே தேர்வு உண்டு. ஏற்கெனவே தவறியவர்களை அங்கும் எடுப்பதில்லை. தரைப்படையில் முதலில் அதிகாரியாகச் சேர்ந்து, பிறகு ஆர்மி ஏவியேஷனுக்கு விருப்பம் தெரிவிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஹெலிகாப்டர்தான். போர் விமானம்தான் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.