நிஃப்டி ஃபியூச்சர்ஸ்: சந்தை எப்போது நிற்கும், விலை எங்கே முட்டும்?

"சர்க்யூட் அடிச்சிடுச்சு" என்று நாம் சொல்வதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, சந்தை மொத்தமாக நிற்பது. இதை முடிவு செய்வது ஸ்பாட் இண்டெக்ஸ் (பங்குகளின் இப்போதைய விலையை வைத்துக் கணக்கிடும் குறியீடு) மட்டும்தான். ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) எவ்வளவு விழுந்திருந்தாலும் இதற்குக் கணக்கில்லை. இன்னொன்று, ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்துக்கென்று உள்ள விலை வரம்பு. அதில் முட்டினால் சந்தை நிற்காது. வரம்புக்கு வெளியே போட்ட ஆர்டர் ஏறாது, அவ்வளவுதான். இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, முந்தைய இரவே எழுதி வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். லாட் (ஒப்பந்த அளவு), மார்ஜின் (கட்டும் முன்பணம்), எம்.டி.எம். (தினசரி லாப நஷ்டக் கணக்கு) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இண்டெக்ஸ் அளவுகள்

நிஃப்டி 50, சென்செக்ஸ் இரண்டின் முந்தைய நாள் முடிவு மதிப்பையும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 10, 15, 20 சதவீதம் கணக்கிட்டு, மேலே மூன்று, கீழே மூன்று என எழுதுங்கள். 2001 ஜூலையில் செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) கொண்டுவந்த இந்த முறையில், இரண்டு இண்டெக்ஸில் எது முதலில் தொட்டாலும் நாடு முழுவதும் பங்குச் சந்தையும் பங்கு டெரிவேட்டிவ்ஸும் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஒன்றாக நிற்கும். நிஃப்டி இன்னும் 9.8 சதவீதத்தில்தான் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவருக்கு, சென்செக்ஸ் 10-ஐத் தொட்டதும் திரை உறைந்துவிடும்.

2020 மார்ச் 12 அன்று நிஃப்டி 9,590.15-இல் முடிந்தது. அதில் 10 சதவீதம் கழித்தால் 8,631.15. மறுநாள் காலை திறந்த சில நிமிடங்களில் இண்டெக்ஸ் அதைத் தாண்டிக் கீழே போனது, சந்தை நின்றது.

மேல்பக்கக் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. ஷார்ட் (விலை இறங்கும் என்று முன்கூட்டியே விற்ற நிலை) வைத்திருப்பவருக்கு அதுதான் முக்கியம். 2009 மே 18, தேர்தல் முடிவுக்கு அடுத்த வர்த்தக நாள்: சந்தை மேல் சர்க்யூட்டில் நின்றது, திறந்ததும் மறுபடி ஏறியது, அன்றைய வர்த்தகமே அதோடு முடிந்துபோனது.

படி 2: கடிகாரம்

எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அளவையும் மணியையும் பொறுத்தது.

10 சதவீதம்: பகல் 1 மணிக்கு முன் என்றால் 45 நிமிடம். 1 மணியிலிருந்து 2.30-க்குள் என்றால் 15 நிமிடம். 2.30 ஆகிவிட்டால் நிற்கவே நிற்காது.
15 சதவீதம்: 1 மணிக்கு முன் 1 மணி 45 நிமிடம். 1 முதல் 2-க்குள் 45 நிமிடம். 2 மணி ஆகிவிட்டால் அன்றைய கடை மூடியாச்சு.
20 சதவீதம்: எந்த மணியானாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

மீண்டும் திறக்கும் நாட்களில், மேலே உள்ள நேரத்தோடு 15 நிமிட ப்ரீ-ஓபனையும் (வர்த்தகம் தொடங்கும் முன் ஆர்டர் திரட்டும் நேரம்) கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் 10 சதவீதம் அடித்தால் ஆக மொத்தம் ஒரு மணி நேரம்.

ஒரு தடவை 10 சதவீதத்தில் நின்று திறந்த பிறகு அடுத்த வாசல் 15 சதவீதம்தான். 2020 மார்ச் 23 அப்படிப்பட்ட நாள். முந்தைய முடிவு 8,745.45. காலையிலேயே 10 சதவீதம் அடித்து நின்றது. திறந்த பிறகு இன்னும் சரிந்து 7,610.25-இல் முடிந்தது. கிட்டத்தட்ட 13 சதவீத வீழ்ச்சி, ஆனால் நிறுத்தம் ஒன்றே ஒன்று.

படி 3: ஃபியூச்சர்ஸின் சொந்த வரம்பு

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

நிஃப்டி ஃபியூச்சர்ஸுக்கு அடிப்படை விலையிலிருந்து மேலும் கீழும் 10 சதவீதம் வரம்பு. அந்த அடிப்படை விலை ஸ்பாட் முடிவும் இல்லை, ஆப்பில் கடைசியாகத் தெரியும் விலையும் இல்லை. அந்தந்த மாத ஒப்பந்தத்தின் முந்தைய நாள் செட்டில்மெண்ட் விலை. கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி அது. (புது ஒப்பந்தத்தின் முதல் நாளில் மட்டும் கோட்பாட்டு விலையை எடுப்பார்கள்.)

கற்பனையாக ஒரு கணக்கு. ஸ்பாட் முடிவு 25,000. நடப்பு மாத ஃபியூச்சர்ஸ் கடைசியாக நடந்த விலை 25,060. செட்டில்மெண்ட் விலை 25,120.

சந்தை நிற்கும் இடம்: 22,500
ஃபியூச்சர்ஸின் கீழ் வரம்பு: 25,120-இல் 10 சதவீதம் போக 22,608
கடைசி விலையை வைத்துத் தப்பாகப் போட்டால்: 22,554

22,560-க்கு வாங்க ஆர்டர் போட்டால் டெர்மினல் திருப்பி அனுப்பும். போட்டவர் ஆப் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அடுத்த மாத ஒப்பந்தம் 25,260-இல் செட்டில் ஆகியிருந்தால் அதன் வரம்பு 22,734. ஆக ஒவ்வொரு மாதத்துக்கும் தனிக் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 22,608, 22,500-க்கு மேலே இருக்கிறது. பீதியில் ஃபியூச்சர்ஸ் ஸ்பாட்டைவிடக் கீழே போய்விடுவது வழக்கம். ஸ்பாட் 22,650-இல் இருக்கும்போதே ஃபியூச்சர்ஸ் 22,608-இல் முட்டி நிற்கலாம். விற்க வரிசை நீளமாக இருக்கும், வாங்க ஆள் இருக்காது. சந்தையோ "ஓடிக்கொண்டிருக்கிறது". சந்தை ஒரு பக்கமாகவே நகர்ந்தால் எக்ஸ்சேஞ்ச் இந்த வரம்பைத் தளர்த்தும். ஆனால் தளர்த்தும் வரை லாங் (வாங்கி வைத்த நிலை) வைத்திருப்பவருக்கு ஃபியூச்சர்ஸில் வழி கிடையாது, புட் ஆப்ஷன் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) வாங்கித்தான் காத்துக்கொள்ள முடியும், அதுவும் அப்போது கொள்ளை விலை. நேர்மாறாக, முந்தைய நாள் ஃபியூச்சர்ஸ் ஸ்பாட்டுக்குக் கீழே செட்டில் ஆகியிருந்தால் வரம்பும் கீழே இருக்கும், பெரும்பாலும் சந்தை நிறுத்தம் முதலில் வரும்.

செட்டில்மெண்ட் விலையை எங்கே எடுப்பது? என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) தினமும் வெளியிடும் டெரிவேட்டிவ்ஸ் பாவ்காப்பியில் (அன்றைய விலைப்பட்டியல் கோப்பு) அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டி 0.9-ஆலும் 1.1-ஆலும் பெருக்கினால் போதும். இதற்காகக் காசு கொடுத்து எந்தச் செயலியும் வாங்க வேண்டாம்.

படி 4: நின்றபோதும் திறந்தபோதும்

நின்றதும் ஆர்டர் பொருத்துவதும் புது ஆர்டர் ஏற்பதும் இரண்டுமே நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை, மார்ஜின் கணக்கைப் பார்ப்பது. பொசிஷன் உறைந்திருந்தாலும் நஷ்டம் உறையாது. புரோக்கர் கூடுதல் பணம் கேட்டால் திறக்கும் முன்பே கட்டிவிடுவது நல்லது.

திறக்கும் முன் ஆர்டர் புத்தகத்தைப் புதிதாகப் பாருங்கள். காலையில் போட்ட ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்தப் போடும் ஆர்டர்) அப்படியே இருக்கிறது என்று நம்பி உட்கார வேண்டாம். இருந்தாலும், விலை இடைவெளி விட்டுத் திறந்தால் ட்ரிகர் விலைக்கும் லிமிட் விலைக்கும் நடுவே சிக்காமல் தாண்டிப் போய்விடும். ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் உள்ள இடைவெளியை வழக்கத்தைவிட அகலமாக வையுங்கள்.

திசையையும் நம்ப வேண்டாம். 2020 மார்ச் 13 அன்று திறந்த பிறகு நிஃப்டி அப்படியே திரும்பி 9,955.20-இல், அதாவது முந்தைய நாளைவிட மேலே முடிந்தது. நிறுத்தத்தின்போது "இன்னும் விழும்" என்று முடிவுகட்டி ஷார்ட் அடித்தவர்கள் பாடு திண்டாட்டம்.

பின்சேர்க்கை: அமெரிக்க அளவுகள்

7, 13, 20 சதவீதம் என்று எங்கோ படித்துவிட்டு நிஃப்டிக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அது அமெரிக்கக் குறியீடான எஸ்&பி 500-க்கு உள்ளது, கீழ்ப்பக்கம் மட்டும். முதல் இரண்டுக்கும் 15 நிமிட நிறுத்தம், நியூயார்க் நேரம் மாலை 3.25 ஆகிவிட்டால் அவை கிடையாது. 2020 மார்ச் 9, 12, 16, 18 ஆகிய நாட்களில் நின்றது இதில்தான். அங்கே இரவு நேர ஃபியூச்சர்ஸுக்கு மேலும் கீழும் 7 சதவீத வரம்பு இருக்கிறது. முன்பு 5 சதவீதமாக இருந்தது, 2016 அமெரிக்கத் தேர்தல் இரவில் ஃபியூச்சர்ஸ் அதில் முட்டியது. அப்போதும் வர்த்தகம் நிற்கவில்லை. அந்த விலையிலோ அதற்கு மேலோ வாங்கி விற்க முடிந்தது, கீழே மட்டும் போக முடியவில்லை.